மறையெழுத்துப் பேழையும் மின்சுற்றுப் பலகையும்

நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு கரும்பேழை குடிபுகுந்திருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலோ, பீரோவின் உள்ளறையில் நகைப் பெட்டிக்கு அருகிலோ அதனைக் காணலாம். கடைக்காரர் அதனை ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ என்பர். தமிழில் புறவன்தட்டு என்று வழங்குகிறோம். அரக்கோணத்தையும் ஆற்காட்டையும் திருவண்ணாமலையையும் விட்டு, இரயில்வேப் பணி, ஆலைப் பணி, ஆசிரியப் பணி என்று சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அப்பேழையின்பால் உள்ள பற்றைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஊரில் விற்றுவிட்ட வீட்டின் முற்றம் இப்போது அதற்குள்தான் இருக்கிறது. குவைத்திலுள்ள மகன் அனுப்பிய பேரக் குழந்தையின் முதல் நடை அதில் இருக்கிறது. பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றின் படிகளும் இருக்கும். அவற்றிற்காவது மூலப்படி ஏதேனும் ஓர் அலுவலகத்தில் உண்டு. மறைந்துபோன பாட்டியின் குரலுக்கு மூலப்படி ஏது?

இப்பேழை ஒரு நாள் திடீரென்று ஊமையாகிவிட்டால் என்ன செய்வது, என்ன செய்யலாகாது என்பதைப் பற்றி எழுதுமாறு அன்பர்கள் சிலர் கேட்டனர். நாம் இரயில்வே எழுத்தர், பொறியாளர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு நம் படிப்பு நின்றது. எனினும் பழுது பார்ப்போர் மேசையருகில் பலமுறை நின்று பார்த்தும், இதுபற்றி வெளிவந்துள்ள ஆராய்ச்சியைப் படித்தும் அறிந்தவற்றை இங்குத் தருகிறோம்.

பேழையைத் திறந்தால் உள்ளே இரண்டு உறுப்புகள். ஒன்று, மூடிய உலோகக் கூட்டினுள் சுழலும் தட்டு. காந்தப் புள்ளிகளாக நம் படங்களும் ஒலிகளும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கின்றன. மற்றொன்று, தட்டைச் சுழற்றி, எழுதியும் படித்தும் கணிப்பொறிக்கு அனுப்பும் பச்சை அல்லது நீல நிற மின்சுற்றுப் பலகை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் இத்தகைய தட்டுப்பொறியை வெளியிட்டபோது, ஐம்பது பெருந்தட்டுகளில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகள் அடங்கின. பொறியின் எடையோ ஒரு டன்னுக்கு மேல். இன்று சட்டைப் பையில் இட்டுச் செல்லும் ஒரு டெராபைட்டுப் பேழை அதைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்ளும்.

பழைய நாளில் பலகை கெட்டால் கவலை குறைவாக இருந்தது. தட்டைக் கழற்றி வேறொரு பேழையில் பூட்டினால் உள்ளிருப்பன அப்படியே கிடைக்கும். கடைத்தெருவில் பழுது பார்ப்போர் பலர் இன்றும் அதனையே செய்கின்றனர். இங்கேதான் இடர் ஒளிந்திருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை பாஸ்போர்ட்’, ‘மை புக்’ முதலிய பேழைகளுள் பல வகைகள், உடையவர் கேட்டாலும் கேளாவிட்டாலும், தம்மிடம் வரும் ஒவ்வோர் எழுத்தையும் மறையெழுத்தாக மாற்றியே தட்டில் எழுதுகின்றன. கடவுச்சொல் எதுவும் இடாத பேழையிலும் இதுவே நடக்கிறது. பேழையில் இரகசியம் ஏதும் வைக்காத குடும்பத்தின் படங்களும் இரகசியமாகவே எழுதப்படுகின்றன! இம்மாற்றத்தைச் செய்வது பலகையின்மேல் இருக்கும் ஒரு சிறு சில்லு. யு.எஸ்.பி. கம்பிக்கும் தட்டுக்கும் இடையே பாலம்போல் நிற்பதால் அதனைப் பாலச் சில்லு என்போம். பலகை உயிரோடிருக்கும் வரையில் இவ்வேலை நம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. எழுதும்போது மறைக்கிறது, படிக்கும்போது தெளிவாக்குகிறது. பலகை செத்த அன்றுதான் அப்படி ஒரு பூட்டு இருந்ததே நமக்குத் தெரிய வருகிறது.

சித்தூரில் வாழும் ஓய்வுபெற்ற இரயில்வே அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். அவர் வைத்திருந்தது மேசைமேல் நிறுத்தும் பெரிய வகை. அதற்கு 12 வோல்ட்டு அடாப்டர் தனியே உண்டு. வாடகை வீடு மாறிய அமளியில், மடிக்கணினிக்குரிய 19 வோல்ட்டு அடாப்டர் அதில் செருகப்பட்டுவிட்டது. முனை பொருந்தியது, பேழை அணைந்தது. காலஞ்சென்ற மனைவியார் கார்த்திகைத் தீபத்தன்று பாடிய பாட்டு அதற்குள் இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை.

உள்ளூர்க் கடையொன்றில் தட்டைக் கழற்றி வேறு பேழையில் பூட்டினர். தட்டு நன்றாகச் சுழன்றது. ஆனால் கணிப்பொறியோ, இது எழுத்தில்லாப் புதுத்தட்டு, ஆயத்தம் செய்யட்டுமா என்று கேட்டது. “டிஸ்க்கு நல்லாத்தான் சார் சுத்துது, உள்ளே ஒண்ணுமே இல்லை. ஃபார்மேட் போட்டுத் தரட்டுங்களா?” என்றாராம் கடைக்காரர். பெரியவர் நாற்பதாண்டுக் காலம் இருப்புப்பாதையில் வேலை பார்த்தவர். கைகாட்டி தெரியாத இடத்தில் வண்டியை நகர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை. “வேண்டாம் தம்பி, அப்படியே கொடு” என்று வாங்கி வந்துவிட்டார்.

அவர் ‘ஆகட்டும்’ என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். கணிப்பொறி தட்டை ஆயத்தம் செய்யும்போது அதன் தொடக்கத்தில் புதிய அட்டவணை ஒன்றை எழுதுகிறது. இக்கால முறையில் அவ்வட்டவணையின் மறுபடி ஒன்றைத் தட்டின் கடைசிப் பகுதியிலும் எழுதுகிறது. சில வகைப் பேழைகளில் மறையெழுத்தின் திறவுகோல் வைக்கப்பட்டிருப்பதும் அக்கடைசிப் பகுதியிலேதான். திறவுகோலின்மேல் வேறெழுத்து விழுந்தால் பின்னர் எந்த வல்லுநர் வந்தும் பயனில்லாமற் போகலாம். தட்டு வெறுமையாகக் காட்சியளித்ததற்குக் காரணம், அதிலிருந்த மறையெழுத்தைப் படிக்க வல்ல சில்லு பழைய பலகையோடு மேசை ஓரத்தில் கிடந்ததுதான்.

திறவுகோல் என்றோமே, அது எத்தன்மையது? ஏ.இ.எஸ். என்னும் மறையெழுத்து முறை பெல்ஜிய நாட்டார் இருவர் வகுத்தது. 2001-இல் அமெரிக்க அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது. இப்பேழைகளில் அதன் திறவுகோல் 256 இலக்கம் கொண்ட இருமை எண். அத்தகைய எண்கள் எத்தனை உண்டு என்று கணக்கிட்டால் விடை 78 இலக்கத்தில் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது மானிட முயற்சிக்கு அப்பாற்பட்டது. இத்திறவுகோலைப் பேழை வெளிப்படையாக வைத்திருப்பதில்லை. நிலையத்துப் பணப்பெட்டியின் சாவியை ஒரு சிமிழிலிட்டு, அச்சிமிழை வேறொரு சாவியால் பூட்டி வைப்பதுபோல் இரண்டடுக்குக் காவல் செய்திருக்கிறார்கள். நாம் கடவுச்சொல் இட்டிருந்தால், அதிலிருந்து பிறப்பதே சிமிழின் சாவி. இடாவிட்டால், உற்பத்திச் சாலையில் வைத்த பொதுச் சாவி ஒன்று அவ்விடத்தில் இருக்கும்.

2015-இல் குன்னர் ஆலெண்டால், கிறிஸ்டியன் கிசன் ஆகியோரும் புனைபெயர் பூண்ட மற்றொருவரும் சேர்ந்து இப்பேழைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். பாலச் சில்லுகளில் ஐந்தாறு வகைகளை அவர்கள் பிரித்தறிந்தனர். அவற்றுள் ஜேமைக்ரான் நிறுவனத்தின் சில்லு ஒன்றில் இருந்த பொதுச் சாவியின் முற்பாதி என்ன தெரியுமா? மூன்று, ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து, ஒன்பது என்று தொடரும் எண். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவுக்கு மனனம் செய்தோமே, அந்தப் ‘பை’யின் இலக்கங்களே! காவலுக்கென்று ஏற்பட்ட சாவி ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. இரகசியத்தை நாடி அப்பேழையை வாங்கியவர்க்கு இச்செய்தி கசக்கும். நம்மைப் போன்ற குடும்பத்தார்க்கோ இது நற்செய்தி. ஏனெனில் கடவுச்சொல் இடாத அத்தகைய பேழையில் பலகை முற்றிலும் எரிந்துபோனாலும், தட்டின் கடைசிப் பகுதியிலுள்ள சிமிழ் அழியாதிருந்தால், வல்லுநர் மென்பொருளைக் கொண்டே திறந்துவிடக்கூடும். வேறு சில வகைகளில் திறவுகோல் பலகையின் சில்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அங்கே பலகை போனால் எல்லாம் போயிற்று. எந்த வகை எதுவென்று வெளித்தோற்றத்தால் நாம் அறிய இயலாது. ஆதலின் பழைய பலகையை எக்காரணத்தாலும் எறியாதிருப்பதே அறிவுடைமை. அது எத்துணைக் கருகியிருந்தாலும் சரி.

இனிப் பழுதுகளுக்கு வருவோம்.

கைக்கடக்கமான சிறு பேழைகளில் அடிக்கடி கெடுவது கம்பி செருகும் வாய். இரட்டைப் பிளவாய் அகன்றிருக்கும் அம்மெல்லிய வாய், பேழை கம்பியோடு தொங்கினாலும் கீழே விழுந்தாலும் பலகையினின்றும் பெயர்ந்துவிடுகிறது. இதற்கு மறையெழுத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் புதுவாய் வைத்து ஈயப்பற்று இட்டால் முடிந்தது. செப்புத்தடம் கிழிந்திருந்தால் மயிரிழை போன்ற கம்பியால் பாலமிடுவர். ஆனால் இச்சிறு பேழைகள் பலவற்றில் யு.எஸ்.பி. வாய் தட்டின் பலகையிலேயே அமைந்திருக்கிறது. கழற்றி வேறு பேழையில் பூட்ட வழக்கமான சாட்டா முனை கிடையாது. கடைக்காரர் திறந்து பார்த்துத் திகைத்துக் கைவிரிப்பது இதனால்தான். கைவிரித்தால் நல்லது, வேறொரு பலகையைக் கொண்டுவந்து மாட்ட முற்பட்டால்தான் தொல்லை.

அடுத்தது, மின்னழுத்தம் மிகுந்து வந்தபோது தன்னைப் பலியிட்டுப் பலகையைக் காக்கும் டயோடு. மின்னணு வழக்கில் அதனை டி.வி.எஸ். டயோடு என்பர். (மதுரையில் பேருந்து ஓட்டிப் புகழ்பெற்ற டி.வி.எஸ்.ஸுக்கும் இதற்கும் உறவில்லை. மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் தற்செயலாய் ஒத்திருக்கின்றன.) அளவான மின்னழுத்தம் வரும்போது இது வாளா இருக்கும். அளவு கடந்தால் மின்னோட்டத்தைத் தன் வழியே தரைக்குத் திருப்பிவிடும். அழுத்தம் நீடித்தால் தானே வெந்து இரு முனையும் ஒன்றாகிவிடும். அதன்பின் சரியான அடாப்டரைச் செருகினாலும் மின்சாரம் அவ்வழியே ஓடித் தீர்வதால் பேழை எழுந்திராது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் தடை ஏறக்குறையச் சுன்னமாகக் காட்டும். வெந்த டயோடை எடுத்துவிட்டால் பலகை உயிர் பெறும்.

நம் பெரியவரின் பேழையில் நேர்ந்ததும் இதுவே. உள்ளூர்க் கடையினின்றும் மீண்டவர், காட்பாடியில் வண்டி மாறிச் சென்னை சேர்ந்தார். அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில், மாடிப்படியின் கீழ் மேசை போட்டிருந்த ஓர் இளைஞர் பலகையை ஐந்து நிமிடம் ஆராய்ந்தார். பாலப் பலகையின் டயோடு வெந்திருந்தது. சில்லும் தட்டும் காயமின்றித் தப்பியிருந்தன. சில ரூபாய்கூடப் பெறாத அவ்வுறுப்பைச் சூட்டுக்காற்றால் எடுத்துவிட்டு, அதே பலகையை அதே தட்டோடு சேர்த்து, 12 வோல்ட்டு அடாப்டரை இணைத்ததும் விளக்கு எரிந்தது. “காவல் இப்ப இல்லை ஐயா. இன்னைக்கே வேற இடத்துல படி எடுத்துடுங்க, அப்புறமா புது டயோடு போட்டுக்கலாம்” என்றார் இளைஞர். இரவு முழுதும் படியெடுப்பு நடந்தது. பாட்டு கிடைத்ததா என்று நாம் கேட்டபோது பெரியவர் விடை சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து ஒலிக்கவிட்டார்.

மூன்றாவது வகைப் பழுதே கடினமானது: மோட்டாரை ஓட்டும் சில்லோ தலைமைச் சில்லோ எரிந்து, பலகையையே மாற்ற வேண்டிய நிலை. ஒரே மாதிரிப் பேழை ஒன்றை வாங்கி அதன் பலகையைக் கழற்றிப் பூட்டினால் போதாதா என்று பலர் எண்ணுவர். போதாது. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் படிப்பு முனைகளுக்கும் உற்பத்திச் சாலையிலேயே நுட்ப அளவுகள் கண்டு, அவற்றைப் பலகையிலுள்ள எட்டுக் கால் நினைவுச் சில்லில் எழுதிவிடுகிறார்கள். ஒருவர்க்கு அளந்து செய்த மூக்குக் கண்ணாடி மற்றொருவர்க்கு ஆகாததுபோல், ஒரு தட்டின் அளவுகள் மற்றொன்றிற்கு ஆகா. ஆகவே பழைய பலகையின் எட்டுக் கால் சில்லைப் பெயர்த்து, புதுப் பலகையில் அதே இடத்தில் பற்றவைக்க வேண்டும். மறையெழுத்துப் பேழையாயின் பாலச் சில்லின் வகையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். திறவுகோல் தனி நினைவுச் சில்லில் இருப்பின் அதனையும் உடன் மாற்ற வேண்டும். சில வகைகளில் மறையெழுத்து வேலையைத் தலைமைச் சில்லே செய்கிறது. அங்கே அச்சில்லையே பெயர்த்து நடவேண்டிய நிலை வரும். அது பொற்கொல்லர் வேலையினும் நுண்ணிது. ஊர் ஊராய்ச் செய்யத்தக்கதன்று.

பலகையைத் தட்டோடு இணைக்கும் செப்புப் புள்ளிகளில் கறுப்புப் படிவதும் ஒரு பழுதுதான். நம் பக்கத்து மழைக்காலத்திற்குப்பின் இதனைக் கண்டிருக்கிறோம். நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றிப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சில பேழைகள் பேசத் தொடங்கும்.

மழை என்றதும் 2021 நவம்பரில் திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது நினைவுக்கு வருகிறது. அப்போது தரைமட்ட வீடுகளில் இருந்தோர் நனைந்த பேழைகளை வெயிலில் காயவைத்து உடனே மின்சாரத்தில் செருகினர். இது தகாது. தட்டின் கூட்டில் காற்றுக்கென்று சிறு துளை உண்டு. மூழ்கிய பேழையில் அதன் வழியே சேற்றுநீர் உட்சென்றிருக்கலாம். அந்நிலையில் தட்டைச் சுழலவிட்டால் படிப்பு முனை தட்டையே உழுதுவிடும். மூழ்கியதை மின்சாரத்தோடு சேர்க்காமல் அப்படியே வல்லுநரிடம் கொண்டுசெல்வதே முறை.

2015-இல் பாக்ஸ்கான் நிறுவனம் சத்தியவேட்டுக்கு அருகில் ஸ்ரீசிட்டியில் கைப்பேசி செய்யும் ஆலை தொடங்கியது. பின்னர் ரேணிகுண்டாப் பக்கத்திலும் மின்னணு ஆலைகள் எழுந்தன. நம் சங்கத்துப் பிள்ளைகளும் அவற்றிற்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் கையால் நாள்தோறும் எத்தனையோ பலகைகள் உருவாகின்றன. ஆனால் வீட்டில் ஒரு பலகை கெட்டால் சென்னைக்கு வண்டியேற வேண்டியிருக்கிறது! செய்யக் கற்பிப்பவர் சீர்செய்யக் கற்பிப்பதில்லை. நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-இல் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று இணையத் தளம் ஒன்றைத் திறந்தது, மின்னணுக் கருவிகளும் அதன் வரம்பில் அடங்கும். நல்ல முயற்சி. பேழைகளின் சுற்றுப்பட வரைபடம் கடைத்தெருப் பணியாளர் கைக்கு எட்டும் நாள் வந்தால் இன்னும் மகிழ்வோம். உத்தரவாதச் சீட்டை நம்பியிருப்போர்க்கும் ஒரு சொல்: அச்சீட்டு பெரும்பாலும் புதுப் பேழை தரும், உள்ளிருந்த படங்களைத் தருவதாகச் சொல்வதில்லை. பழைய பேழையை அனுப்பிவிட்டால் தட்டும் பலகையும் நம் கையை விட்டுப் போய்விடும்.

கடைக்குச் செல்வோர் முதலிலேயே மூன்று செய்திகளைச் சொல்லிவிடல் நலம். பேழை மறையெழுத்து வகையாக இருக்கலாம். பழைய பலகையையே சீர்செய்ய வேண்டும். கணிப்பொறி எது கேட்டாலும் தட்டில் ஓரெழுத்தும் எழுதலாகாது. கடவுச்சொல் இட்டவர்கள் அதனை மறவாதிருக்க வேண்டும். பலகை உயிர் பெற்றாலும் அச்சொல் இன்றிப் பேழை திறவாது. கணவர் மட்டும் அறிந்த கடவுச்சொல் அவரோடு மறைந்துபோன வீடு ஒன்றை நாம் அறிவோம். அங்குப் பலகைக்கு யாதொரு குறையும் இல்லை. விளக்கு இன்றும் எரிகிறது.

பலகை மாற்றும் நிலை வருவோர்க்கு ஒத்த பலகை கிடைப்பதே பெருந்துன்பமாக இருப்பதால், சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைக்க எண்ணியிருக்கிறோம். தட்டு உடைந்து, உள்ளிருப்பனவற்றைக் கைவிட்டுவிட்ட பேழைகள் அன்பர்களிடம் இருந்தால், பலகையை மட்டும் கழற்றித் தந்து உதவலாம். தட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் பலகைகளில் 2060 என்று தொடங்கும் எண் பலகையின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒட்டிய தாளிலுள்ள எண்ணன்று, பலகையில் பொறித்த எண்ணே வேண்டுவது. அதனையும் பேழையின் பெயரையும் கொள்ளளவையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்பினாலும் போதும், குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்வோம்.